நல்லொலிச் சங்கத்தின் சாமானியர் பிரதிநிதி

காது இருந்தால் மட்டும் போதாது, அதற்கு ஒரு சங்கமும் வேண்டும் என்று முதலில் நினைத்தவன் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் பாய்லர்காரர் அவனைப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்டிருப்பார். கேட்டும் பலன் இருந்திருக்காது. அதற்கும் ஒரு படிவம் நீட்டியிருப்பான்.

பாய்லர்காரர் முப்பத்து நாலு வருஷம் ஒரு நூல் ஆலையில் பாய்லர் பார்த்தவர். நீராவி சீறுகிற சத்தத்தை வைத்தே எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். அந்த உத்தியோகம் அவருடைய இடது காதை எடுத்துக்கொண்டு பென்ஷனைக் கொடுத்தது. வலது காது பரவாயில்லை. அந்த ஒற்றைக் காதோடு அவர் நல்லொலிச் சங்கத்தில் போய் மாட்டிக்கொண்ட கதை இது.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சிடி பிளேயர். பாட்டுக் கேட்க இல்லை. பாட்டுக் கேட்கிற வயசில் அவர் பாய்லர் கேட்டுக்கொண்டிருந்தார். பிளேயர் அவருடைய வீட்டம்மாவுக்கு.

வீட்டம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிற்று. கை பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டு நின்றது. அது "நாளைக்கு". தாகம் எடுத்தாலும் நாளைக்கு. முதுகு வலித்தாலும் நாளைக்கு. பாய்லர்காரர் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வந்தால் திட்டுவதற்கும் அதே நாளைக்கு. சீறலைப் பிரித்துப் பழகிய மனுஷன் ஆனதால் எந்த நாளைக்கு எதற்கென்று அவருக்கு ஓரளவு பிடிபட்டது. ஓரளவுதான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒருத்தி இருந்தாள். வெளிநாட்டு வேலை கிடைத்துக் கிளம்பும்போது, போகிற அவசரத்திலும் தன் குரலிலேயே இருபத்து நாலு பாடத்தை ஒரு சிடியில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனாள். "சொல்லுங்க... அம்மா" என்று நிதானமாகச் சொல்வாள். பிறகு எட்டு நொடி சும்மா இருப்பாள். அந்த எட்டு நொடியில் வீட்டம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அடுத்து அதே நிதானத்தில் "நல்லது" என்பாள்.

டாக்டர் சொன்னது இது: "முதல் ஆறு மாசந்தான் பெரியவரே முக்கியம். அதுக்குள்ள வர்றது வரும். அப்புறம் வர்றது வந்தா உண்டு."

மூன்று மாசத்தில் ஒன்பது பாடம் முடிந்தது. "அம்மா" வந்தது, "வா" வந்தது. பத்தாவது பாடம் தொடங்குகிற அன்றைக்கு வீட்டில் இருந்த பழைய பிளேயர் கண்ணை மூடிவிட்டது. ரிப்பேர்காரன் திறந்து பார்த்து, "லென்ஸ் போச்சு. இதுக்கு மாத்து இப்ப கிடைக்காது. நீங்களே வேணா எடுத்துச் சொல்லிக்கொடுங்களேன்" என்றான்.

அதையும் பார்த்தாயிற்று. பாய்லர்காரர் "தண்ணி சொல்லு" என்றால் பாய்லர் ரூமில் கரிக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எட்டு நொடி பொறுக்க அவருக்கு வராது, ஒரு நொடிக்குள் அடுத்த "தண்ணி" வந்துவிடும். மூன்றாவது தண்ணிக்கு வீட்டம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷம் அந்தக் குரல் ஏவினதைக் கேட்டவள், இனி அதனிடம் பாடமும் கேட்க முடியாது என்று சொல்வது போல இருந்தது அந்த முதுகு.

வேறு ஊரில் இருக்கிற மகள் போனில் சொன்னாள். "போன்ல ஏத்திக்குங்கப்பா. யாரு இப்ப சிடி எல்லாம் வச்சிருக்கா."

"ஏத்தறதுக்கு முதல்ல அது எதுலயாவது சுத்தணும்ல. சுத்தற மெஷின்தான் இல்லைங்கறேன். அப்படியே ஏத்தினாலும் உங்கம்மா விரல் அந்தக் கண்ணாடில ஒண்ணைத் தொட்டா வேற ஒண்ணு தொறக்குது. போன வாரம் தீயணைப்பு ஸ்டேஷனுக்குப் போன் போட்டுட்டா."

"என்ன பேசினாங்க?"

"நாளைக்குன்னா. அவங்களும் சரின்னு வச்சுட்டாங்க."

மகள் ஆன்லைனில் ஒரு பிளேயர் வரவழைத்தாள். பெட்டியைப் பிரித்தால் சிடி துடைக்கிற துணி இருந்தது.

ஊரில் பிளேயர் விற்கிற கடை ஒன்றுதான் மிச்சம். கடைக்காரர் நல்ல மனுஷர். பின்பக்க அறையைத் திறந்தே காட்டினார். புத்தம் புதுசாக நாற்பது பெட்டி அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் "எல்லோருக்கும் மலிவு" என்று அச்சடித்திருந்தது.

"ஒண்ணு குடுங்க" என்றார் பாய்லர்காரர்.

"குடுக்க முடியாதுங்க."

"விக்கறதுக்குத்தானே வச்சிருக்கீங்க?"

"இல்லைங்க, இப்போதைக்கு வச்சிருக்கறதுக்குத்தான் வச்சிருக்கேன். போன தடவை கம்பெனி விட்ட மாடலை, பாட்டு மெஷினுக்கெல்லாம் மார்க் போடற நல்லொலிச் சங்கம் ஒரே வரில கொன்னுட்டாங்க. 'இந்தப் பெட்டி பாடுகிறது, ஆனால் எதற்காகப் பாடுகிறது என்று தெரியவில்லை'ன்னு எழுதிட்டாங்க. ஒண்ணுகூட விக்கல. இந்தத் தடவை சங்கம் ஒத்துக்கிட்டாதான் விக்கணும்னு கம்பெனி உத்தரவு. ஒத்துக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு வெளிய போனா என் கடை லைசென்ஸ் போச்சு."

"எப்ப ஒத்துக்குவாங்க?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அழுக்கில்லாத பழைய சட்டை, தேய்ந்த செருப்பு, கையில் மருந்துக்கடைப் பை. கடைக்காரரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஐயா, உங்களைத்தான் தேடிட்டிருக்காங்க. மலிவு பிளேயர்ங்கறதால ஒரு சாமானியன் கையெழுத்து வேணும்னு கம்பெனி சொல்லியிருக்கு. சங்கத்துல சாமானியன் யாரும் கிடையாது. ரெண்டு மாசமா நிக்குது."

பாய்லர்காரருக்கு உள்ளே ஒரு தெம்பு வந்தது. தன் கையெழுத்து இல்லாமல் ஒரு வேலை நிற்கிறது என்று கேட்பது ஆலையை விட்டு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தார்.

சங்கம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்தது. தலைவர்தான் பல் டாக்டர். கீழே பல் பிடுங்குகிறவர்கள் முனகுவது மேலே கேட்கக் கூடாது என்று சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் பஞ்சு மெத்தை அடித்திருந்தார். உள்ளே காலை வைத்ததும் பாய்லர்காரருக்கு வலது காதும் போய்விட்டது போல இருந்தது.

பதினோரு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் தலைவர். இன்னொருவர் செயலாளர், பத்திரப்பதிவு ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர், கூட்டக் குறிப்பை வீட்டுப் பத்திரம் மாதிரியே எழுதுவார். மூன்றாமவர் கேபிள் வக்கீல். கோர்ட்டில் என்ன வாதாடுவாரோ, இங்கே ஒயருக்காக வாதாடுவார். சொந்த ஒயரைப் பாம்பாட்டி மாதிரி ஒரு மூடின கூடையில் வைத்துக் கொண்டுவருவார். இவர்களுக்கு எதிரே, கம்பெனி அனுப்பின இன்ஜினியரம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி கூடினால் அறையின் ஒலி கெடுமாம்.

தலைவர் எழுந்து வந்து பாய்லர்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லாம நாங்க முழுமையே இல்லீங்க பெரியவரே. இந்த பிளேயர் யாருக்காக? உங்களுக்காக. நாங்க எல்லாம் ஏற்கெனவே நல்ல மெஷின் வச்சிருக்கோம். உங்களை மாதிரி ஆளுக்கு எது வேணும்னு முடிவு பண்றதுக்குத்தான் ஞாயித்துக்கிழமையை விட்டுட்டு உக்காந்திருக்கோம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?"

பாய்லர்காரர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

"சிடியைப் போட்டா பேசணும். நிறுத்தினா நிக்கணும். ஒரு பொத்தான் பெருசா இருக்கணும், பலமில்லாத கைக்கும் அழுந்தணும். ஒரே பாடத்தைத் திருப்பித் திருப்பிப் போட வசதி வேணும். அவ்வளவுதான். வீட்டுல உடம்பு சரியில்லாதவ இருக்கா, பேச்சு வரணும், நாள் போயிட்டிருக்கு. கையெழுத்து எங்க போடணும்?"

அறையில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செயலாளர் எழுதினதை வாசித்துக் காட்டினார். "மேற்படி சாமானியர் பிரதிநிதி அவர்கள் எளிமையின் ஆழத்தை வலியுறுத்திப் பேசினார். சபை நெகிழ்ந்தது. பொத்தான் என்னும் பொருள் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது."

"கையெழுத்து?"

"அது கடைசிலங்க. பட்டியல் முடிஞ்சாதானே கையெழுத்து. நீங்க எல்லாக் கூட்டத்துக்கும் வரணும். ஒண்ணு விட்டாலும் சாமானியர் தகுதி போயிடும்."

அடுத்த ஞாயிறு பொத்தான் கூட்டம். பக்கத்து வீட்டு அக்காவை வீட்டம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு வந்தார்.

பொத்தானே கூடாது என்று ஒன்றே கால் மணி நேரம் பேசினார்கள். பொத்தானுக்குப் பின்னால் ஒயர் இருக்கிறது, ஒயரில் கரண்ட் ஓடுகிறது, அந்தக் கரண்ட் பாட்டின் மேல் மூச்சு விடுகிறது. எண் காட்டுகிற சின்ன விளக்கும் அப்படித்தான், அதையும் எடு என்றார்கள். பொத்தானும் விளக்கும் போனால் எப்படி ஓட்டுவது என்று இன்ஜினியரம்மா கேட்டாள். ரிமோட் போதும் என்றார்கள். ரிமோட் பிளாஸ்டிக்கில் இருக்கக் கூடாது, உலோகத்தில் வேண்டும், முக்கால் கிலோவாவது இருக்க வேண்டும்.

"முக்கால் கிலோவா? என் வீட்டுல அவளால நிறைஞ்ச டம்ளரையே தூக்க முடியல" என்றார் பாய்லர்காரர்.

தலைவர் பரிவோடு தலையாட்டினார். "அதனாலதான் சொல்றேன் பெரியவரே. நல்ல பொருளுக்குக் கை பழகணும். கைக்குத் தகுந்த மாதிரி பொருளைக் குறைச்சுக்கிட்டே போனா நாகரிகம் எங்க போய் நிக்கும்? நான் பல் கட்டும்போது வாயை நல்லாத் திறங்கன்னுதான் சொல்லுவேன். வாய்க்குத் தகுந்த மாதிரி கையைச் சின்னதா வச்சுக்க முடியுமா?"

சிடியை வாங்குகிற தட்டு எப்படி வெளியே வர வேண்டும் என்று அதற்கு மேல் ஒரு மணி நேரம். பெரிய மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற மாதிரி வர வேண்டும் என்று முடிவாயிற்று. அடியில் நாலு காலா மூணு காலா என்று ஒரு பிரச்சினை. மூணு கால் என்றால் பெட்டி சாயும் என்றாள் இன்ஜினியரம்மா.

"சாயட்டும். சாயற வரைக்கும் ஒலி சுத்தமா இருக்கும்ல" என்றார் கேபிள் வக்கீல்.

இன்ஜினியரம்மா எழுதிக்கொண்டாள். வெளியே படியிறங்கும்போது பாய்லர்காரர் அவளிடம் கேட்டார். "ஏம்மா, அந்தக் கடைல இருக்கற நாப்பது பெட்டியும் இப்பவே நல்லா ஓடுமா ஓடாதா?"

"ஓடுங்க ஐயா. நானே ஓட்டிப் பாத்துதான் அனுப்பினேன்."

"அப்புறம் என்னத்துக்கு இதெல்லாம்?"

"அதை மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. ஓடுதுன்னு தெரிஞ்சா சந்தேகம் வந்துரும்."

அதற்கடுத்த வாரம் கேபிள். திரைக்குப் பின்னால் ஒரே பாட்டை இரண்டு ஒயரில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒன்று கடையில் கிடைக்கிற ஒயர். இன்னொன்று வக்கீலின் கூடையில் இருந்தது, அதற்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி உண்டு. ஒரு தடவை வேலைக்காரம்மா துடைக்கும்போது திருப்பிச் சொருகிவிட்டாள் என்றும், அதனால் வக்கீலுக்கு மூன்று நாள் தலைவலி என்றும் சொன்னார்கள்.

எல்லோரும் கேட்டுவிட்டு, இரண்டாவது ஒயரில் திரை விலகினது போல இருக்கிறது, பாடுகிறவரின் பல்வரிசை தெரிகிறது என்றெல்லாம் சொன்னார்கள். பல்வரிசை சொன்னவர் தலைவர்.

"பெரியவரே, உங்களுக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. ஆனா இந்த ரூம்ல ஒரு ரீங்காரம் இருக்கு. அந்த டியூப்லைட் சோக்கு போயிட்டிருக்கு. வந்த அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன்."

ஒருவர் எழுந்து டியூப்லைட்டை அணைத்தார். ரீங்காரம் நின்றது. இருட்டில் பதினோரு பேரும் கொஞ்ச நேரம் கேட்டார்கள். பிறகு வக்கீலின் குரல் வந்தது. "என்னவோ குறையுது. இதமா ஒண்ணு இருந்துச்சே, அது போச்சு."

வாக்கெடுப்பு நடந்தது. டியூப்லைட்டைத் திரும்பப் போட்டார்கள். மலிவு பிளேயரின் உள்ளே ஒரு பழுதான சோக்கு வைக்க வேண்டும் என்று பட்டியலில் ஏறியது. "சாமானியர் பிரதிநிதியின் பரிந்துரைப்படி" என்று செயலாளர் எழுதினார்.

இதற்குள் ஐந்தாவது மாசம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் "வா" மறுபடி மங்கிப்போயிற்று. கூப்பிட வாயெடுத்தால் "நாளைக்கு" முந்திக்கொண்டு வந்துவிடும். வந்த வார்த்தை வீட்டம்மாவுக்கே பிடிக்காமல் உதட்டை அழுத்திக் கடித்துக்கொள்வாள்.

பாய்லர்காரர் கடைக்காரரிடம் போனார். கடை வாசலிலேயே ஒரு கலவரச் சத்தம். பின்னறைக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே நாற்பது பெட்டியும் பிரிக்கப்பட்டு, நாற்பதும் ஒரே சமயத்தில் நாற்பது விதமாகப் பாடிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"சங்கத்து உத்தரவு" என்றார் கடைக்காரர். காதில் பஞ்சு வைத்திருந்தார். "புது மெஷினுக்கு நாக்கு திரும்பாதாம். நானூறு மணி நேரம் ஓட்டிப் பழக்கினாதான் சோதனைக்கே எடுத்துக்குவாங்களாம். ராப்பகலா ஓடுது. என் பொண்டாட்டி அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா."

"நாப்பதும் சும்மாதானே கத்திட்டிருக்கு. ஒண்ணுல என் சிடியைப் போட்டுருங்க. என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரேன். அந்த ரூம்ல ஒரு மூலைல உக்காந்துக்குவா. பெட்டியைத் தொடக்கூட மாட்டா."

"அய்யோ, அது கூடாதுங்க. பழக்கற சமயத்துல யாரும் கேக்கக் கூடாது. கேட்டா ஒலி அந்த ஆள் பக்கமா சாஞ்சு பழகிடுமாம். நானே உள்ள போறதில்ல. சர்க்குலர் இருக்கு, பாக்கறீங்களா?"

சர்க்குலர் இருந்தது. செயலாளரின் கையெழுத்தும் இருந்தது. கீழே சாமானியர் பிரதிநிதி முன்னிலையில் என்று தன் பேரும் இருந்ததைப் பாய்லர்காரர் பார்த்தார். கேபிள் கூட்டத்தில் டீ கொடுத்தபோது பக்கத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். டீக்கு என்று நினைத்திருந்தார்.

நாலாவது கூட்டம் விலை. கம்பெனி சொன்ன விலையைக் கேட்டுச் சபை முகம் சுளித்தது.

"இவ்வளவு குறைச்சலா வச்சா காது எப்படி நம்பும்?" என்றார் கேபிள் வக்கீல்.

தலைவர் விளக்கினார். "மலிவுன்னா என்னன்னு நமக்குள்ள ஒரு தெளிவு வேணும். வாங்க முடியாதவன் விலையைக் கேட்டா, அட, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா வாங்கிடலாம் போலிருக்கேன்னு அவனுக்கு ஒரு ஆசை வரணும். அதுதான் மலிவு. வாங்கிட்டான்னா அந்த ஆசை போயிடும். நாம அவன்கிட்டேருந்து அதைப் பறிக்கக் கூடாது."

கைதட்டினார்கள். விலை மூன்று மடங்கு ஆயிற்று. செயலாளர் அதற்கு எதிரே "மலிவு, உறுதி செய்யப்பட்டது" என்று எழுதினார்.

கடைசிக் கூட்டம் அளவுச் சிடியைத் தேர்ந்தெடுக்கிற கூட்டம். எந்தச் சிடியைப் போட்டு இந்தப் பெட்டியை எடை போடுவது என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தர் கொண்டுவந்ததை இன்னொருத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு சிடியும் தோற்றன.

அன்றைக்குப் பாய்லர்காரர் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டோவில் ஏற்றி, மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் கையைப் பிடித்து ஏற்றி, ஓரமாகத் தரையில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தார். சங்கத்து மேஜையில் சோதனைக்கு ஒரு பெட்டி இருந்தது. இவர்கள் சண்டை ஓய்கிற நேரம் பார்த்து ஒரு பாடமாவது ஓட்டிவிட வேண்டும், அதற்குமேல் அவருக்கு ஒரு திட்டமும் இல்லை.

"ஐயா, நானும் ஒரு சிடி கொண்டுவந்திருக்கேன்" என்றார்.

சாமானியரின் சிடி என்றதும் சபை கருணையோடு அனுமதித்தது. இன்ஜினியரம்மா வாங்கிப் போட்டாள். பத்தாவது பாடம் வைக்கும்படி அவர் ஜாடை காட்டினார்.

"சொல்லுங்க... தண்ணி" என்றாள் டீச்சர்.

எட்டு நொடி.

"நல்லது. சொல்லுங்க... தண்ணி."

எட்டு நொடி.

பதினோரு பேரும் கண்ணைத் திறந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி மூடிக்கொண்டார்கள்.

"அந்த இடைவெளியைக் கேட்டீங்களா" என்று தலைவர் மெல்லச் சொன்னார். "என்ன மௌனம் இது. அடி தெரியாத கிணறு மாதிரி. முப்பது வருஷமா நான் தேடினது இதைத்தான்."

"பாட்டு வேணும்னு யாரு சொன்னது" என்றார் கேபிள் வக்கீல். "பாட்டுதான் இத்தனை நாள் நம்மளைக் கெடுத்திருக்கு."

"சொல்லுங்க... தண்ணி."

"த..." என்று ஒரு சத்தம் சுவரோரத்திலிருந்து வந்தது. பாய்லர்காரர் தன் நல்ல காதைத் திருப்பினார். வீட்டம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் அந்தப் பெட்டி மேலேயே இருந்தது. "த... த்... தண்ணி."

நாளைக்கு இல்லை. தண்ணி.

"யாரது?" என்றார் தலைவர் கண்ணைத் திறக்காமல். "சோதனை நடக்கும்போது சத்தம் போடறது யாரு? சுத்தமா கெட்டுப்போச்சு. முதல்லேருந்து போடுங்க."

"ஐயா, அவ பேசினா" என்றார் பாய்லர்காரர். "அஞ்சு மாசத்துக்கு அப்புறம் தண்ணின்னு சொன்னா. அந்த இடைவெளி அதுக்குத்தாங்க விட்டிருக்கு. அவ பேசறதுக்கு."

"பெரியவரே" என்றார் தலைவர், பல் பிடுங்கப்போகிறவர் வலிக்காது என்று சொல்கிற குரலில். "இவ்வளவு அருமையான மௌனத்துல பேசறதுக்கா விட்டிருப்பாங்க? கோயில் கட்டினவன் குடியிருக்கவா கட்டினான்?"

அந்தச் சிடியே சங்கத்தின் அளவுச் சிடி என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. செயலாளர் அதை வெல்வெட் உறையில் போட்டு முத்திரை வைத்தார்.

"அது என்னோடதுங்க" என்றார் பாய்லர்காரர்.

"உங்களோடதுதான், யாரு இல்லைன்னா?" என்றார் செயலாளர். "நன்கொடையாளர்னு உங்க பேரைப் பெருசா எழுதியிருக்கு. ஆனா அளவுச் சிடி வெளிய போகக் கூடாது. அதோட, நாப்பது பெட்டியும் இதுவரைக்கும் வேற சிடியில பழகியிருக்கு. அதை மறக்கடிச்சு இதுல பழக்கணும். பெட்டிக்கு நானூறு மணி நேரம். ஒரு சிடிதான் இருக்கறதால ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா இங்க கொண்டுவந்து பழக்கணும்."

"காப்பி எடுத்துக்குங்களேன். எனக்கும் ஒண்ணு குடுங்க."

கேபிள் வக்கீல் பாவமாகச் சிரித்தார். "காப்பில சத்தம் வரும் பெரியவரே. மௌனம் வராது."

"நாப்பது பெட்டி முடிய எவ்வளவு நாள் ஆகும்?"

செயலாளர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை லீவையும் சேர்த்தா ரெண்டு வருஷம் ஒண்ணரை மாசம். அவசரமே இல்லீங்க. நாப்பதும் முடிஞ்சதும் முதல் பெட்டி உங்களுக்குத்தான். சாமானியர் விலையில."

பாய்லர்காரர் அப்போதுதான் தன்னிடம் இருக்கிற ஒரே ஆயுதத்தை எடுத்தார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

யாரும் பதறவில்லை. செயலாளர் ஒரு தனித் தாளை எடுத்தார். "மறுக்கலாங்க, விதியில இடமிருக்கு. மறுத்தா அளவுச் சிடி சங்கத்துச் சொத்தாவே இருக்கும். புது சாமானியரைத் தேட எட்டு மாசம். கையெழுத்துப் போட்டா நீங்க ஆயுள் உறுப்பினர். ஞாயித்துக்கிழமை கேக்கற கூட்டத்துக்கு வரலாம், வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வரலாம். ஒரு நிபந்தனை, அவங்க வாயத் திறக்கக் கூடாது. அதுக்கு நீங்க பொறுப்பு."

பாய்லர்காரர் இன்ஜினியரம்மாவைப் பார்த்தார். அவள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். வீட்டம்மாவைப் பார்த்தார். அவள் இன்னும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த தண்ணிக்காக.

இந்தச் சிடியை இனி எங்கே கேட்க முடியும் என்று அவர் யோசித்தார். இங்கேதான். எந்த நாளில்? ஞாயிற்றுக்கிழமையில். கையெழுத்துப் போட்டார். பட்டியலில் முப்பத்தேழு தேவைகள் இருந்தன. ஒன்றிலும் பெரிய பொத்தான் இல்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் மாடி ஏறினார்கள். பதினோரு பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். டியூப்லைட் ரீங்கரித்தது. வீட்டம்மாவைச் சுவரோரம் உட்கார வைத்து, அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். செயலாளர் அவரைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். பாய்லர்காரர் தன் வலது கையை எடுத்து வீட்டம்மாவின் வாயின் மேல் வைத்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையை எடுக்கவில்லை.

"சொல்லுங்க... தண்ணி" என்றாள் டீச்சர்.

எட்டு நொடி. அறை முழுக்க ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. தலைவரின் மூடின கண்ணோரத்தில் ஈரம் கசிந்தது.

பாய்லர்காரரின் உள்ளங்கையில் உதடு அசைந்தது. முதலில் நாக்கு பல்லைத் தொடுகிற சின்ன அழுத்தம். பிறகு சூடான காற்று. பிறகு உதடு இரண்டு பக்கமும் விரிந்தது. எந்தக் காதும் தேவைப்படவில்லை, அது எந்த வார்த்தை என்று கைக்கே தெரிந்தது.

"நல்லது" என்றாள் டீச்சர்.

பாய்லர்காரர் கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடிக்கொண்டார், வெளியே கேட்டுவிடப் போகிறது என்ற பயத்தில்.